கோடையில் பால் கட்டாத சிப்பி: வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வது?

சிப்பிக்கத்தி (பாரிஸ்):

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சிறியது, பின்னணி கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பாரிஸில் ஓர் உணவகத்தின் வாசலில் நின்று சிப்பி திறப்பவன். இங்கே இது தனித் தொழில், எக்காயே என்பார்கள். இடது கையில் இரும்பு வலைக் கையுறை, வலது கையில் குட்டைக் கத்தி, முன்னால் ஐஸும் கடற்பாசியும். சொந்த ஊர் குருநகர். அப்பா கடற்றொழில் செய்தவர். ஆனாலும் எங்கள் வீட்டில் எவரும் சிப்பியைப் பச்சையாக வாயில் வைத்ததில்லை. இப்போது சொன்னாலும் அம்மா முகத்தைச் சுளிப்பார். இங்கே வந்து நான்கு வருடம் கோப்பை கழுவினேன். ஒரு நத்தார் இரவு சிப்பி திறப்பவர் வேலைக்கு வரவில்லை, முதலாளி கத்தியை என் கையில் திணித்தார். அன்றிலிருந்து இதுதான் என் வேலை.

கோடையில் சிப்பி பால் கட்டும். கத்தி உள்ளே போனதுமே வெள்ளையாக வழியும். சிலருக்கு அது பிடிக்கும், பலர் தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெயரில் 'ர்' வராத மாதங்களில் சிப்பி தின்னாதே என்று இங்கே வயதானவர்கள் சொல்வதும் இதனால்தான் என்று நினைத்திருந்தேன். போன வாரம் ஒரே வியாபாரியிடமிருந்து இரண்டு பெட்டி வந்தது, இரண்டும் மூன்றாம் நம்பர் அளவு. ஒரு பெட்டியில் முக்கால்வாசி பால். மற்றப் பெட்டியில் ஒரு சொட்டு இல்லை. ஆகஸ்ட் மாதத்தில், மார்கழிச் சிப்பி போலச் சதை திரண்டு கண்ணாடி மாதிரி இருந்தது.

அதைத்தான் ஒரு வயதான அம்மாவுக்கு வைத்தேன். ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, "இது த்ரிப்ளோயித் தானே?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. உள்ளே போய் முதலாளியிடம் கேட்டேன். "இல்லை, எல்லாம் கடல் தந்தது என்று சொல்" என்றார். வந்து சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

இரவு வீட்டில் தேடிப் பார்த்தேன். ஓர் இடத்தில் ஆய்வுகூடத்துப் பூதம் என்கிறார்கள், இன்னோர் இடத்தில் ஒன்றுமே இல்லை என்கிறார்கள். என் உயிரியல் அறிவு சாதாரணதரத்தோடு நின்றுவிட்டது. பரம்பரையலகை (மரபணுவை) மாற்றிச் செய்த சிப்பியா இது? தினமும் நான்கைந்து தின்பவன் நான், எனக்கு ஏதும் ஆகுமா? ஓட்டைப் பார்த்து எது எது என்று சொல்ல வழி உண்டா? நான் அந்த அம்மாவிடம் பொய் சொன்னேனா?

வாழைக்காரர் (தேனி):

தம்பி, நேற்று என்ன பழம் சாப்பிட்டீர்கள்? த்ரிப்ளோயித் என்றால் தமிழில் மும்மடியம், மரபுத் தொகுப்பு இரண்டு பிரதிக்குப் பதில் மூன்று பிரதி இருப்பது. பாரிஸ் கடையில் வாங்கும் நீள மஞ்சள் பழம் மும்மடியம். எங்கள் தோட்டத்துப் பூவன் மும்மடியம். உங்கள் ஊரில் கறிக்குப் போடும் மொந்தன் மும்மடியம். அதனால்தான் அவற்றில் விதை இல்லை. விதையில்லாத தர்ப்பூசணியும் அப்படியே. தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், எவருக்கும் மூன்றாவது காது முளைக்கவில்லை. நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஆனால் ஒன்று. வாழையில் அது தானாக நடந்தது. சிப்பியில் மனிதன் கை வைத்திருக்கிறான். அந்த வித்தியாசத்தைத் தெரிந்தவர் யாராவது சொல்லட்டும்.

உப்புக்காற்று (பிரான்ஸ், அத்திலாந்திக் கரை):

சொல்கிறேன். நான் புதுச்சேரிக்காரி. பதினோரு வருடம் இந்தக் கரையில் ஒரு சிப்பிப் பொரிப்பகத்தில் வேலை பார்த்தேன், மூன்று வருடமாக ஓய்வில் இருக்கிறேன். அறிவியலாளர் இல்லை. வாளியும் சல்லடையும் நுண்நோக்கியும்தான் என் படிப்பு. இந்த மும்மடியம் என் கையால் லட்சக்கணக்கில் பிறந்திருக்கிறது, அதனால் பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

தம்பி, நீங்கள் பள்ளியில் நிறமூர்த்தம் என்று படித்ததை நாங்கள் குரோமோசோம் என்போம். நீங்கள் திறக்கும் பசிபிக் சிப்பிக்கு அது 20. தாயிடமிருந்து பத்து, தகப்பனிடமிருந்து பத்து. பால் கட்டாத பெட்டியில் இருந்தவற்றுக்குப் பெரும்பாலும் 30 இருந்திருக்கும். வேறொரு உயிரின் மரபணு எதையும் அதில் நுழைக்கவில்லை, இருந்ததில் எதையும் வெட்டவுமில்லை. இருக்கும் புத்தகத்தையே இன்னொரு பிரதி கூடுதலாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஐரோப்பியச் சட்டமும் இதை மரபணு மாற்றம் என்று எண்ணுவதில்லை. 2001/18 என்ற ஆணையின் பின்னிணைப்பிலேயே பன்மடியமாக்கலை வெளியே வைத்துவிட்டார்கள்.

எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். சிப்பியின் முட்டை வெளியே வரும்போது தன் கணக்கை முடித்திருக்காது. விந்து உள்ளே நுழைந்த பிறகுதான் தன்னிடமுள்ள உபரிக் குரோமோசோம்களை இரண்டு தவணையாக, சின்னப் பொட்டலமாகக் கட்டி வெளியே தள்ளும். நுண்நோக்கியில் பார்த்தால் முட்டையின் ஓரத்தில் ஒரு கடுகு ஒட்டியிருப்பது போலத் தெரியும். அந்த இரண்டாவது பொட்டலம் வெளியேறும் சில நிமிடங்களில் தடுத்துவிட்டால், தாயின் பங்கு இரண்டு, தகப்பனின் பங்கு ஒன்று, ஆக மூன்று. அமெரிக்காவின் மேய்ன் பல்கலைக்கழகத்தில் சைட்டோகலாசின் பி என்ற பூஞ்சை நஞ்சை வைத்து இதை முதலில் அந்த நாட்டுச் சிப்பியில் செய்தார்கள், 1981இல் வெளியிட்டார்கள். அந்தக் குழுவில் ஸ்டாண்டிஷ் ஆலன் என்ற மாணவர் இருந்தார். பின்னாளில் இந்தத் துறையே அவர் பெயரைச் சொல்லும்படி ஆயிற்று.

நஞ்சு என்றதும் பயப்பட வேண்டாம். அந்த முறையில் இரண்டு தொல்லை: கையாள்பவருக்கு ஆபத்து, நூற்றுக்கு நூறு பலிப்பதும் இல்லை. ஆலனும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த சிமிங் குவோவும் வேறு வழி கண்டார்கள். மும்மடியப் பெண்களில் எப்போதாவது ஒன்று முட்டை வைக்கும். அந்த முட்டையைச் சாதாரண விந்தோடு சேர்த்து, இந்தமுறை முதல் பொட்டலத்தைத் தடுத்தார்கள். நான்மடியம் பிறந்தது, 40 குரோமோசோம், உயிரோடு வளர்ந்தது. 1994இல் அறிவித்தார்கள். அதற்குப் பிறகு வேலை எளிது. நான்மடிய ஆணின் விந்தில் இரண்டு பங்கு இருக்கும், சாதாரணப் பெண்ணின் முட்டையில் ஒரு பங்கு. சேர்த்தால் எல்லாக் குஞ்சும் மும்மடியம். மருந்தே வேண்டாம். நான் செய்ததெல்லாம் இந்த முறைதான்.

காலை ஆறு மணிக்குப் பெண் சிப்பிகளைத் திறப்போம், நீங்கள் திறப்பது போலவே. நீங்கள் பால் என்பது பெண்ணில் முட்டை, ஆணில் விந்து. அதைச் சுரண்டிச் சல்லடையில் வடிகட்டுவோம். நான்மடிய ஆண்கள் தனி அறையில் இருக்கும், அந்த அறைக்குத் தனிக் காலணி, தனி வாளி. அங்கிருந்து வெளியேறும் நீரைக் கிருமி நீக்காமல் கடலில் விடக்கூடாது. அந்த ஆண் ஒன்று தப்பிக் கடலில் கலந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் எங்கள் மேலாளருக்குத் தூக்கத்திலும் இருந்தது. பிறகு குஞ்சுகளுக்குப் பாசி கொடுத்து இரண்டு மூன்று வாரம் வளர்த்து, தூளாக்கிய சிப்பி ஓட்டின் மேல் ஒட்டவைப்போம். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, உயிரணுவில் உள்ள டிஎன்ஏ அளவை ஒரு கருவியில் அளப்போம். சாதாரணத்தை விட ஒன்றரை மடங்கு காட்டினால் மும்மடியம் உறுதி. கண்ணால் பார்த்துச் சொல்ல எனக்கும் தெரியாது. பதினோரு வருடம் பார்த்த எனக்கே தெரியாதபோது உங்கள் முதலாளி ஓட்டைத் தடவிப் பார்த்து "கடல் தந்தது" என்றாரா?

பால் கட்டாத காரணமும் இதுதான். விந்தோ முட்டையோ உண்டாக, குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து பிரிய வேண்டும். மூன்றாவது ஆள் நடுவில் வந்து நின்றால் ஜோடி எப்படிச் சேரும்? சாதாரணச் சிப்பி குளிர்காலத்தில் சேர்த்த சர்க்கரைச் சத்தை எல்லாம் வசந்தத்தில் பாலாக்கிவிடும். மும்மடியத்துக்கு அந்தச் செலவு இல்லை. சேர்த்தது சதையிலேயே கிடக்கும், பல இடங்களில் சீக்கிரமும் வளரும். சில தனிச் சிப்பிகள் கொஞ்சம் பால் கட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், முழு மலடு இல்லை. அதேபோல, முட்டையிட்டு முடித்துவிட்ட சாதாரணச் சிப்பியும் ஆகஸ்டில் பாலில்லாமல் இருக்கும், ஆனால் அது வற்றிப்போய்த் தண்ணீராக இருக்கும். சதை திரண்டிருந்தது என்று நீங்கள் எழுதியதால்தான் மும்மடியம் என்கிறேன்.

உடம்புக்கு ஒன்றும் ஆகாது. பச்சைச் சிப்பியில் பயப்பட வேண்டியது கழிவுநீர் வழியாக வரும் நோரோவைரஸ் போன்றவற்றுக்கு, அதற்கு எத்தனை குரோமோசோம் என்பது ஒரு பொருட்டே இல்லை.

பொய் சொன்னீர்களா என்றால், ஆமாம், சொன்னீர்கள், தெரியாமல். உங்கள் முதலாளி தெரிந்தே சொல்லவைத்தார். இந்த நாட்டில் மும்மடியம் என்று பெட்டியில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. எழுதாமல் இருப்பது சட்டப்படி குற்றமில்லை, கேட்பவரிடம் இல்லை என்பது வேறு விஷயம். நான் இதைப் பிறப்பித்தவள், இதில் தீங்கு இல்லை என்று நம்புகிறவள், அதனாலேயே எழுதிவைக்க வேண்டும் என்பவள். ஒளித்துவைத்தால் பூதம் என்றுதான் பெயர் வரும்.

வாழைக்காரர் (தேனி):

அருமை அம்மா. ஆனால் இவ்வளவு நல்லதென்றால் ஏன் பிரான்ஸில் சிப்பிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன? 2008இல் நடந்தது என்று படித்தேன். மும்மடியம் வந்தது, நோய் வந்தது. வாழையில் எங்களுக்கு இந்த அனுபவம் உண்டு. ஒரே ரகத்தை ஊரெல்லாம் நட்டால் ஒரே பூஞ்சை ஊரெல்லாம் அழிக்கும்.

உப்புக்காற்று (பிரான்ஸ், அத்திலாந்திக் கரை):

அந்தக் கோடையை நான் மறக்க மாட்டேன். அப்போது நான் பொரிப்பகத்தில் சேரவில்லை, என் கணவரின் மாமா ஒருவரின் சிப்பித் தோட்டத்தில் பையைப் புரட்டும் வேலை. கடல் வற்றியதும் இரும்பு மேசைகளில் கிடக்கும் பைகளைத் தூக்கினால் கனமே இல்லை. குலுக்கினால் கலகலவென்று வெற்று ஓட்டுச் சத்தம். மாமா ஒரு பையைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி கட்டினார், அவிழ்த்தார், கட்டினார். எதுவும் பேசவில்லை.

செத்தவை எல்லாம் குஞ்சுகள். கொன்றது சிப்பியைத் தாக்கும் ஒரு ஹெர்பீஸ் வகை வைரஸின் புதிய வடிவம். மனிதருக்கு வராது. தண்ணீர் 16 டிகிரியைத் தாண்டியதும் கிளம்பும். ஆனால் ஐயா, மாமா மும்மடியம் வாங்கியதே இல்லை. அவருடையதெல்லாம் கடலில் பிறந்து, அவரே தட்டில் ஒட்டவைத்துப் பிடித்த குஞ்சு. அதுவும் செத்தது, பொரிப்பகக் குஞ்சும் செத்தது. குரோமோசோம் இரண்டு பங்கா மூன்று பங்கா என்று வைரஸ் எண்ணிப் பார்க்கவில்லை. பிற்பாடு 2010இல் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும், 2016இல் தாஸ்மேனியாவிலும் அதே கதை.

மரபியல் இங்கே செய்த நல்ல காரியம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2001 முதல் இஃப்ரெமேர் என்ற கடல் ஆய்வு நிறுவனம் மோரெஸ்ட் என்ற திட்டத்தில் சிப்பிக் குடும்பங்களைத் தனித்தனியாக வளர்த்து, கோடைச் சாவில் எந்தக் குடும்பம் பிழைக்கிறது, எது சாகிறது என்று குறித்து வந்தது. அண்ணன் தம்பி எல்லாம் ஒன்றாகப் பிழைத்தார்கள் அல்லது ஒன்றாகச் செத்தார்கள். பிழைத்தவற்றிலிருந்து ஒரு வம்சம், செத்தவற்றின் உறவிலிருந்து ஒரு வம்சம் என்று தொடர்ந்தார்கள். பிறகு வைரஸைக் கொண்டு சோதித்தபோது, அந்தப் பிழைக்கும் வம்சம் இந்த நோயையும் தாங்கியது. நம் ஊரில் மாட்டுக்கும் நெல்லுக்கும் காலங்காலமாகச் செய்த வேலைதான், சிப்பிக்குத் தாமதமாக வந்தது.

ஏன் தாமதம் என்றால், சிப்பியின் பிறப்பே சூதாட்டம். ஒரு பெண் கோடிக்கணக்கில் முட்டை விடும். அதில் ஏறக்குறைய எல்லாமே சாகும். ஒரு கரையில் ஆயிரம் சிப்பி இருந்தாலும் ஒரு வருடத்துக் குஞ்சுகளில் பெரும்பகுதி ஒரு சில தாய்தகப்பன்களின் பிள்ளைகளாக அமைந்துவிடலாம். அமெரிக்க ஆய்வாளர் டென்னிஸ் ஹெட்ஜ்காக் இதைக் குதிரைப் பந்தயப் பரிசுச்சீட்டுக்கு ஒப்பிட்டார். அதோடு, ஒவ்வொரு சிப்பியும் மறைந்திருக்கும் கொல்லும் மரபணுக்களைப் பையில் சுமந்துகொண்டு திரிகிறது. நெருங்கிய உறவில் சேர்த்தால் அவை வெளியே வரும், குஞ்சுகள் கண்முன்னே தொட்டியின் அடியில் உதிரும். நான் பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை மேகம் போல மிதந்தவை வியாழக்கிழமை அடியில் மாவு போலக் கிடக்கும். மேலாளர் "தண்ணீர் சரியில்லை" என்பார். தண்ணீர் சரியாகத்தான் இருந்தது.

இதே தொல்லைதான் மரபணுத்தொகுதியைப் படிக்கும்போதும். சீனாவின் சிங்தாவ் கடலியல் நிறுவனம் 2012இல் பசிபிக் சிப்பியின் முழுத் தொகுதியை வெளியிட்டபோது, சாதாரணச் சிப்பி ஒன்றை எடுத்துப் படிக்க முடியவில்லை. தாயின் பிரதியும் தகப்பனின் பிரதியும் அவ்வளவு வேறுபட்டிருந்தன. நான்கு தலைமுறை அண்ணன் தங்கையைச் சேர்த்துப் பிறந்த ஒரு சிப்பியை வைத்துத்தான் ஒப்பேற்றினார்கள். ஏறக்குறைய 28,000 மரபணு. அதில் சூட்டைத் தாங்கும் ஒரு புரதக் குடும்பத்துக்கு மட்டும் 88. நமக்கு அது 17 தான். கடல் வற்றிய மணலில் வெயிலில் கிடக்கும் உயிர், ஓட்டுக்குள் 49 டிகிரி வரை தாங்கும். எழுந்து நிழலுக்குப் போக முடியாதவனுக்குக் குடை நிறைய வேண்டும் அல்லவா?

உங்கள் வாழைக் கவலை முழுக்கத் தவறில்லை ஐயா, இடம்தான் மாறிவிட்டது. எனக்கும் ஒரு கவலை உண்டு. மாமா கோடையில் தன் தட்டுகளைக் கடலில் போட்டு, தன் குஞ்சைத் தானே பிடித்தார். அர்க்காஷோன் பக்கத்தில் இன்றும் சுண்ணாம்பு பூசிய கூரை ஓட்டில் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். மும்மடியத்தை நம்பியவர் ஒவ்வொரு வருடமும் பொரிப்பகத்தில் வாங்க வேண்டும், அதிலிருந்து அடுத்த தலைமுறை வராது. நல்ல விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள், எனக்குச் சம்பளமும் அதில்தான் வந்தது.

முத்துக்குளி (தூத்துக்குடி):

அக்கா, நான் இங்கே பொரிப்பகத்தில் முத்துச்சிப்பிக் குஞ்சு வளர்த்தவன். எங்கள் முத்துச்சிப்பிக் கதையையும் சேர்த்துவிடுகிறேன். மன்னார் வளைகுடாவின் கடலடி முத்துப் பார்களில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. 1973இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே முத்து வளர்த்துக் காட்டியது, 1981இல் குஞ்சுப் பொரிப்பும் கைவந்தது. அந்தச் சிப்பி இனத்தின் மரபணுத்தொகுதி பிறகு ஜப்பானில், ஒகினாவா நிறுவனத்தில் 2012இல் வெளியானது. மெல்லுடலிகளில் அதுதான் முதல் வரைவு. உங்கள் பசிபிக் சிப்பியைச் சில மாதம் முந்திவிட்டது. இதைச் சொல்லாமல் தூங்க மாட்டேன்.

இப்போது கேள்வி. எங்கள் பக்கம் கன்னியாகுமரிக் கரையிலும் கேரளத்திலும் பாறையிலிருந்து பறிக்கிறார்களே, சிப்பியின் உறவான கல்லும்மக்காய், அதற்கும் இப்படி மும்மடியம் உண்டா? பச்சைக் கல்லும்மக்காயின் தொகுதியைக் கொச்சியில் படித்து 2023இல் வெளியிட்டார்கள். 15 குரோமோசோம் ஜோடி என்று செய்தியில் பார்த்தேன். புற்றுநோய் மரபணு நூற்றுக்கணக்கில் இருக்கிறது என்றும் அதில் போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு என் மைத்துனர் கல்லும்மக்காய் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார்.

உப்புக்காற்று (பிரான்ஸ், அத்திலாந்திக் கரை):

தம்பி, உங்கள் மைத்துனரிடம் சொல்லுங்கள், அவர் உடம்பிலும் அந்த மரபணுக்கள் இருக்கின்றன. உயிரணு எப்போது பெருக வேண்டும், எப்போது சாக வேண்டும் என்று கணக்குப் பார்க்கும் மரபணுக்கள் அவை. அவை கெட்டால் புற்று, கெடாவிட்டால் காவல். கல்லும்மக்காய் அழுக்குத் தண்ணீரையும் வடிகட்டி வாழும் உயிர், அதில் இவை எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்பதற்காகத்தான் ஆராய்கிறார்கள். அவரைப் பொரித்துச் சாப்பிடச் சொல்லுங்கள்.

அந்தக் குடும்பத்தில் மும்மடியம் செய்ய முடியும். ஆனால் இங்கே கம்பத்தில் வளர்ப்பது ஏறக்குறைய முழுக்கக் கடலில் பிறந்த குஞ்சு, கயிற்றில் தானாக வந்து ஒட்டும். இலவசமாகக் கிடைப்பதற்கு யார் பொரிப்பகம் கட்டுவார்?

அந்த இனத்தில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. மனிதரில், உயிரணுவுக்குச் சக்தி தரும் இழைமணியின் (மைட்டோகாண்ட்ரியாவின்) டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டும் வரும் அல்லவா? ஐரோப்பியக் கல்லும்மக்காயில் மகளுக்குத் தாயிடமிருந்து, மகனுக்குத் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வருகிறது. மகன் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது தகப்பன் வழியில் வந்ததை. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்று இரண்டு வம்சாவளி ஒரே இனத்துக்குள் தனித்தனியாக ஓடுகின்றன. 1990களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார்கள். எனக்கு இதைச் சொன்ன மாணவியிடம், எங்கள் ஊரில் இதற்கு வழக்கே நடக்கும் என்றேன்.

இன்னொன்று, மத்தியதரைக் கடல் இனத்தில் 2020இல் வெளியான வேலை. ஸ்பெயினின் வீகோ பக்கத்துப் பெண் ஒன்றை மாதிரியாக எடுத்துப் படித்தார்கள், அதற்கு லோலா என்று பெயரும் வைத்தார்கள். மற்றவற்றோடு ஒப்பிட்டபோது, எல்லாவற்றுக்கும் பொதுவான மரபணு சுமார் 45,000. அதற்கு மேல் சுமார் 20,000 மரபணு ஒன்றிடம் இருக்கிறது, பக்கத்தில் ஒட்டியிருப்பதிடம் இல்லை. எழுத்துப்பிழை அளவு வேறுபாடு என்றால் புரியும், ஒரே குடும்பத்தில் ஒருவர் வீட்டில் அடுப்படி இருக்கிறது, இன்னொருவர் வீட்டில் அறையே இல்லை என்பது போல!

சிப்பிக்கத்தி தம்பிக்கு ஒரு வார்த்தை. "கடல் தந்தது" என்றாரே உங்கள் முதலாளி, பிரெஞ்சுச் சிப்பி என்று நீங்கள் விற்பதே ஆசியச் சரக்கு. 1868இல் மொர்லேசியன் என்ற கப்பல் புயலுக்கு ஜிரோந்த் முகத்துவாரத்தில் ஒதுங்கியது. ஏற்றி வந்த போர்த்துகீசியச் சிப்பி கெட்டுவிட்டதென்று நினைத்துக் கடலில் கொட்டினார்கள். கெடாதவை பெருகி இந்தக் கரையையே பிடித்தன. நூறு ஆண்டு கழித்து, 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு வைரஸ் அவற்றைத் துடைத்தது. உடனே ஜப்பானியச் சிப்பியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இன்று நீங்கள் திறப்பது அதன் பேரப்பிள்ளைகள். இதில் வேடிக்கை, 1990களின் இறுதியில் டிஎன்ஏ பார்த்தபோது அந்தப் "போர்த்துகீசிய" சிப்பியும் தைவான் பக்கத்துச் சிப்பியோடு பொருந்தியது. பழைய காலத்துக் கப்பல்களின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். விசா கேட்டிருக்க மாட்டார்கள்.

பெட்டியைப் பிரித்தறிய ஒரு வழி மட்டும் உண்டு. ஐரோப்பிய இயற்கைவேளாண் முத்திரை, அந்தப் பச்சை இலை, இருந்தால் அது மும்மடியம் இல்லை. அந்த விதி செயற்கைப் பன்மடியத்தைத் தடுக்கிறது. இலை இல்லாவிட்டால் வியாபாரியிடம்தான் கேட்க வேண்டும். "பொரிப்பகமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பொரிப்பகத்தில் சாதாரண இருமடியமும் பிறக்கும். "இரண்டா மூன்றா?" என்று கேளுங்கள்.

சிப்பிக்கத்தி (பாரிஸ்):

அக்கா, மிக்க நன்றி. இரண்டு முறை வாசித்தேன், மகளுக்கும் வாசித்துக் காட்டினேன். அந்த லோலாவைப் பற்றி மட்டும் மூன்று முறை கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை சரக்கு வந்தபோது லொறிச் சாரதியிடம் நீங்கள் சொன்னபடியே கேட்டேன். இரண்டா மூன்றா? அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்கள் முதலாளியே கேட்டதில்லை" என்றார். பிறகு ரசீதில் இரண்டு வரியைக் காட்டினார். ஒன்றில் கடற்பிடிப்பு, மற்றதில் நான்கு பருவச் சிப்பி என்று இருந்தது. அதுதான் மும்மடியத்துக்கு இவர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயராம். ஆறு மாதத்து ரசீதுகள் அலமாரியில் கிடந்தன, எல்லாவற்றிலும் அந்த வரி இருந்தது. ஆக முதலாளிக்குத் தெரியும்.

கடை திறக்கும் முன் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒன்று திறந்து சாப்பிட்டேன். பால் கட்டியது நெய் போல நாக்கில் ஒட்டியது. மற்றது இனிப்பாக, கொஞ்சம் பாதாம் வாசத்தோடு இருந்தது. ஆகஸ்டில் எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது, உண்மையைச் சொல்கிறேன்.

முதலாளியிடம் ரசீதைக் காட்டி, கேட்பவருக்கு உள்ளதைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "கேட்டால் சொல், கேட்காவிட்டால் வாயை மூடு" என்றார். இவ்வளவு கிடைத்ததே பெரிது. கரும்பலகையில் எழுதலாமா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை, தொலைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த அம்மா இரண்டு வாரமாக வரவில்லை. செப்டம்பரில் விடுமுறை முடிந்து வருவார் என்று பரிசாரகர் சொன்னார். அவர் எப்போதும் உட்காரும் மேசை என் பக்கம்தான்.